ஓரகத்திகள் செய்த சிடி

அந்தத் தெருவில் அவளுக்குக் கறார்க்கா என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ஆனால் பழுதான கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் பக்கத்துக் கண்ணாடிக் கடையில் வழி கேட்டால், "கறார்க்கா கடையா? அதோ, அந்த மாடிப்படிக்குக் கீழ" என்றுதான் பதில் வரும். அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. கண்ணாடிக் கடைக்காரர் தன் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தபோது, அதற்குப் பின்னால் வந்ததையெல்லாம் முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் அதன் மூடியைக் கழற்றினாள்.

கடை, வீட்டின் கீழறை. மேலே மாமனாரும் அவருடைய இரண்டு மகன்களும். கடையைத் திறந்தது மூத்த மகன், அவள் புருஷன். திறந்த கையோடு மருந்து கம்பெனியில் ஊர் ஊராகச் சுற்றும் வேலை கிடைத்துவிட்டது. "நீதான் கோர்ஸ் படிச்சிருக்கியே, பாத்துக்கோ" என்று சாவியைக் கையில் திணித்துவிட்டுப் போனான். பார்த்துக்கொண்டாள். சிரித்துப் பேசித் தொழில் செய்யத் தெரியாது. பொய் சொல்லவும் தெரியாது. "நாளைக்குத் தர முடியாது, வியாழக்கிழமை வாங்க" என்பாள். வியாழக்கிழமை மெஷின் தயாராக இருக்கும். புதன்கிழமை வந்து எட்டிப் பார்ப்பவருக்குக் காது நிறையக் கிடைக்கும்.

அந்தக் காலத்தில் வருகிற வேலையெல்லாம் பெரும்பாலும் ஓஎஸ், அதாவது மெஷினை ஓட்டும் அடிப்படை சாஃப்ட்வேர், போடுவதுதான். வைரஸ் புகுந்து குட்டிச்சுவரான மெஷினைத் துடைத்தெடுத்து, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றித் தர வேண்டும். மெஷினோடு வந்த சிடி பழையது. அது வெளிவந்த பிறகு கண்டுபிடித்த ஓட்டைகளை அடைக்கும் அப்டேட்டுகள் எதுவும் அதில் கிடையாது. அதை வைத்து ஏற்றிவிட்டு, அப்டேட் எடுக்கலாம் என்று நெட்டில் செருகினால், அப்டேட் வந்து சேர்வதற்குள் வைரஸ் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும். திரையில் ஒரு பெட்டி முளைத்து, இன்னும் ஒரு நிமிஷத்தில் அணைந்துவிடுவேன் என்று மிரட்டும். சொன்னபடியே அணையும்.

இதில் பட்டுப் பட்டு வெறுத்துப்போய்த்தான் அவள் அந்த வழியைப் படித்துக்கொண்டாள். பழைய சிடியில் இருப்பதையெல்லாம் ஒரு ஃபோல்டருக்குள் நகலெடுப்பது. அப்டேட்டுகளை அந்த ஃபோல்டருக்குள்ளேயே பிரித்துச் சேர்ப்பது. பழைய ஃபைல்கள் இருந்த இடத்தில் புதியவை உட்கார்ந்ததும், மொத்தத்தையும் மறுபடி சிடியாக எழுதுவது. அந்த சிடியிலிருந்து ஏற்றினால் மெஷின் பிறக்கும்போதே தடுப்பூசியோடு பிறக்கும்.

கேட்க சுலபமாகத்தான் இருக்கும். அப்டேட்டுகளை வரிசை மாற்றிச் சேர்த்தால் பழையது புதியதைத் தின்றுவிடும். மெஷின் தானாகக் கிளம்புவதற்கான சின்னப் பகுதி ஒன்று சிடியின் தலைப்பக்கம் இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் கையில் இருப்பது பளபளக்கும் தட்டு, அவ்வளவுதான். அவசரப்பட்டு வேகமாக எழுதினால் பாதி ஏறும்போது ஒரு ஃபைலைக் காணோம் என்று நின்றுவிடும். எழுதிய சிடி ஒவ்வொன்றையும் மூலையில் கிடக்கும் பழைய மெஷினில் முழுதாக ஏற்றிப் பார்க்காமல் அவள் உறைக்குள் போட்டதில்லை. புதிய அப்டேட்டுகள் வரும்போதெல்லாம் முதலிலிருந்து எல்லாம் ஆரம்பிக்கும். அந்த சிடிகளை அவள் யார் கைக்கும் கொடுப்பதில்லை. அவள் பெருமைப்பட்டுக்கொள்ள வாழ்க்கையில் வேறெதுவும் பெரிதாக இருக்கவுமில்லை.

இந்த நிலைமையில்தான் கொழுந்தனுக்குக் கல்யாணமாகிச் சின்னவள் வந்து சேர்ந்தாள். வந்தவள் அடுப்படியோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவளும் கம்ப்யூட்டர்காரி. பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றில் வேலை பார்த்து, கல்யாணத்துக்காக விட்டுவிட்டு வந்தவள். மாமனாருக்கு ஒரே குஷி. "ரெண்டு மருமகளும் சேர்ந்து கடையை எங்கேயோ கொண்டுபோயிடுவாங்க" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். பெரியவள் அன்றைக்கே தன் சிடிகளை டிராயரில் வைத்துப் பூட்டினாள்.

கடைக்கு வந்த முதல் நாளே சின்னவள், அப்டேட்டுகளைச் சேர்த்துக்கொண்டிருந்தவளின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"என்னக்கா, ஒண்ணொண்ணா கமாண்ட் அடிச்சுக்கிட்டு இருக்கீங்க? இதுக்குன்னே ஒரு சாஃப்ட்வேர் இருக்கே. டிக் அடிச்சா அதுவே எல்லாம் பண்ணிடும்."

"அது என்ன பண்ணுதுன்னு உனக்குத் தெரியுமா?"

"பண்ணி முடிச்சிடுதுக்கா. அது போதாதா?"

பெரியவள் திரும்பிப் பார்க்கவில்லை. "என் தோள்ல மூச்சு விடாத. தள்ளி நில்லு" என்றாள்.

அன்றைக்குப் பிடித்த பகை அது. அப்புறம் எல்லாவற்றுக்கும் சண்டை. மேஜையை நடுவில் டேப் ஒட்டிப் பிரித்தார்கள். சின்னவள் எடுத்த ஸ்க்ரூ டிரைவரைப் பெரியவள் துடைத்து வைப்பாள், ஏதோ தீட்டுப் பட்டதுபோல. பெரியவளின் குரலைப் போனில் கேட்டால் ஆட்கள் பயப்படுகிறார்கள் என்று சொல்லிச் சின்னவள் போனைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். அது உண்மை என்பதுதான் இன்னும் எரிந்தது.

சின்னவள் தனக்கென்று ஒரு சிடி செய்தாள். அப்டேட்டுகளோடு நிற்கவில்லை. யாருக்கும் வேண்டாதது என்று அவளுக்குத் தோன்றியதையெல்லாம் கழித்துக் கட்டினாள்: விளையாட்டுகள், உதவிப் பக்கங்கள், படங்கள், இன்னும் என்னென்னவோ. புதுப் புது மெஷின்களின் ஹார்ட் டிஸ்க்கை அடையாளம் காணும் டிரைவர்களை உள்ளே சேர்த்தாள். திரைக்கு நீல நிறத்தில் ஒரு புதுத் தோற்றம் கொடுத்தாள். அவள் சிடி பாதி நேரத்தில் ஏறியது. வந்தவர்கள் காத்திருந்து மெஷினை வாங்கிக்கொண்டு சிரித்த முகத்தோடு போனார்கள். "சின்னம்மா இல்லையா? அப்போ அவங்க வந்ததும் வர்றேன்" என்று வாசலோடு திரும்புகிறவர்களும் உண்டானார்கள். அப்படி ஒருவர் திரும்பிப் போன நாளில், பெரியவள் சிடியை உறைக்குள் வேகமாகத் திணிக்க, அது விளிம்பில் உரசிக் கீறிவிட்டது. அதை இரண்டாக உடைத்துக் குப்பையில் போட்டாள்.

"என்னக்கா, கோவமா?" என்றாள் சின்னவள்.

"கெட்டுப்போச்சு. கெட்டதை வெச்சுக்கிற பழக்கம் எனக்கில்ல."

பாடப் புத்தகங்கள் அச்சடிக்கும் அச்சகம் ஒன்று ஊரின் மறுகோடியில் இருந்தது. அதன் டைப்பிங் அறையில் இருந்த மெஷின்கள் அத்தனைக்கும் புதிதாக ஓஎஸ் போட வேண்டும் என்று முதலாளி போன் செய்தார். போன் சின்னவள் பக்கம் இருந்தது. அவளே பேசினாள், அவளே ஒப்புக்கொண்டாள், அவளே தன் புருஷனிடம் சொன்னாள். பெரியவளுக்கு விஷயம் மாமனார் வாயால்தான் தெரிந்தது.

அச்சகத்துக்குப் போவதற்கு முந்தின நாள் மத்தியானம் சின்னவள் சாப்பிட மேலே போயிருந்தாள். அவளுடைய சிடி டேப்புக்கு அந்தப் பக்கம், உறையில்லாமல் கிடந்தது. பெரியவள் வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டு அதை எடுத்துத் தன் மெஷினில் போட்டுத் திறந்தாள். குறை கண்டுபிடிக்க வேண்டும் என்றே திறந்தாள்; கண்டுபிடித்தாள். இங்கிலீஷ் அல்லாத மொழி எழுத்துகளுக்கான ஃபோல்டரே அதில் இல்லை. வேண்டாத சாமான்களோடு சேர்ந்து அதுவும் போயிருந்தது. வீட்டு மெஷின்களில் இங்கிலீஷில் மெயில் பார்க்கிறவர்களுக்கு அது இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அச்சகத்துக்கு அதுதான் உயிர். பாடப் புத்தகம் ஊர் மொழியில் அல்லவா!

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சிடியை எடுத்த இடத்திலேயே, எடுத்த வாக்கிலேயே திருப்பி வைத்தாள். வைக்கும்போது அவளுக்குள் ஏதோ ஜில்லென்று இருந்தது. ரொம்ப நாளாகப் புழுங்கிக்கொண்டிருந்த அறையில் யாரோ ஜன்னலைத் திறந்ததுபோல.

மறுநாள் காலையில் சின்னவள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பெரியவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"சிடி எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டாள்.

சின்னவள் ஒரு கணம் திகைத்துப் போனாள். இத்தனை மாதத்தில் பெரியவள் தானாக வந்து கேட்ட முதல் கேள்வி அது. "எடுத்துக்கிட்டேன்க்கா" என்றாள். முகம்கூடக் கொஞ்சம் மலர்ந்தது.

வேலை ஒரே நாளில் முடிந்தது. அச்சகத்தில் அந்த வாரம் கணக்கு எழுதும் வேலையும் இங்கிலீஷ் புத்தகமும் நடந்ததால் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வாரம் ஊர் மொழிப் புத்தகத்தை எடுத்தார்கள். திறந்த பக்கமெல்லாம் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள். மொழியைச் சேர்க்கப் போனால் சிடியைப் போடு என்றது. சின்னவள் விட்டுவிட்டுப் போயிருந்த நகலைப் போட்டால், அந்த ஃபைல் இதில் இல்லை என்றது. அச்சகத்திலேயே இருந்த பழைய சிடியைப் போட்டுப் பார்த்தார்கள். எழுத்து வந்தது, ஆனால் பழைய ஃபைலும் புதியதும் ஒட்டாமல், கொம்பும் காலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, குடித்தவன் எழுதியதுபோல வந்தது.

முதலாளி தானே நேரில் வந்தார். பெரிய உடம்பு, சின்னக் குரல். ஆனால் அன்றைக்கு அந்தக் குரல் கண்ணாடிக் கடை வரை கேட்டது. கூட வந்த ஆள் ஒரு மெஷினைத் தூக்கிவந்து மேஜைமேல் டேப்புக்கு நட்ட நடுவே வைத்தான்.

"யாரும்மா போட்டது இதை?"

"நான்தான் சார்" என்றாள் சின்னவள். "என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? பள்ளிக்கூடம் திறக்கப் போறாங்க. என் புத்தகம் முழுக்கக் கட்டம் கட்டமா நிக்குது. பசங்க என்ன, கட்டத்தையா படிப்பாங்க?"

சின்னவள் மெஷினைப் போட்டுப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் வெளிறியது. தான் எந்த டிக்கை எடுத்தோம் என்பது அவளுக்கு அந்த நிமிஷம் புரிந்துவிட்டது.

பெரியவள் தன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "சாஃப்ட்வேரே எல்லாம் பண்ணிடும்னு சொன்னா, அது பண்ணிடுச்சு" என்றாள், கீபோர்டைப் பார்த்தே.

"நீங்க என்னம்மா வேடிக்கையா பாக்கறீங்க? கடை உங்க ரெண்டு பேருக்கும் பொதுதானே?" என்று முதலாளி அவள்மேல் பாய்ந்தார். "ரெண்டு பேரும் வந்து சரி பண்ணிக் கொடுங்க. இல்லேன்னா ஊர் முழுக்க உங்க கடையை நாறடிச்சிடுவேன். எனக்கு அச்சகம் இருக்கு, நோட்டீஸ் அடிக்கத் தனியா செலவு கிடையாது."

பெரியவள் தன் சிடிகளை எடுத்துக்கொண்டு போனாள். உண்மையைச் சொன்னால் அவள் நடையில் அன்று ஒரு துள்ளல் இருந்தது. பஸ்ஸில் சின்னவளுக்கு முன் சீட்டில் உட்கார்ந்து, ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

டைப்பிங் அறை நீளமானது. மையும் காகிதத் தூசும் கலந்த வாடை. சுவரின் அந்தப் பக்கம் அச்சு இயந்திரம் ஓடும்போது மேஜைகள் லேசாக அதிர்ந்தன. டைப் செய்யும் பெண்கள் வேலையில்லாமல் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து, இவர்கள் இருவரையும் கூத்துப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். பெரியவள் முதல் மெஷினில் தன் சிடியைத் தள்ளினாள். ஏற ஆரம்பித்தது. சற்று நேரத்தில் நின்றது. இந்த மெஷினில் ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்றது.

இன்னொரு மெஷினில் போட்டாள். அதிலும் இல்லை. எல்லாம் புது ரகம். அவற்றின் டிஸ்க்கை அடையாளம் காட்டும் டிரைவர் அவள் சிடியில் கிடையாது. சேர்க்கத் தெரியாமல் இல்லை. அதெல்லாம் கண்ட குப்பை, மெஷின்காரனே தனியாகக் கொடுக்கட்டும் என்று வீம்பாக விட்டது. காது மடல் சுட்டது. சுவரோரம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

பின்னாலிருந்து சின்னவள் சொன்னாள்: "என் சிடியில இருக்கு அந்த டிரைவர்."

பெரியவள் தன் சிடியை வெளியே எடுத்து, மறுபடி உள்ளே தள்ளினாள்.

"வேணும்னா கேளுங்க. கேக்காம தர மாட்டேன்."

"கேக்காம தரலைன்னா நீதானே அடி வாங்கப் போற?"

"வாங்கியாச்சு. இனிமே என்ன? உங்க சிடியும் ஏறலைன்னு நானே போய் முதலாளிகிட்ட சொல்றேன். சொல்லவா?"

அச்சு இயந்திரம் நின்று மறுபடி ஓடத் தொடங்கும் வரை பெரியவள் அந்தத் திரையையே முறைத்துக்கொண்டிருந்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "குடு" என்றாள்.

"என்னது?"

"டிரைவரைக் குடுன்னு சொன்னேன். காது கேக்கலையா?"

முதலாளியின் சொந்த மெஷினில் உட்கார்ந்து புது சிடி செய்தார்கள். அச்சகத்தின் மூல சிடியை நகலெடுத்து, பெரியவள் தன் வரிசைப்படி அப்டேட்டுகளைச் சேர்த்தாள். ஒவ்வொன்றும் சேர்ந்து முடிந்த பிறகே அடுத்ததைத் தொட்டாள். சின்னவள் டிரைவர்களை உள்ளே வைத்து, ஓஎஸ்ஸுக்கு அவை தெரியும்படி வரிகளை எழுதினாள். ஒருத்தி எழுந்தால்தான் மற்றவள் உட்காருவாள். எழும்போது நாற்காலியைச் சுவர்ப்பக்கம் தள்ளிவிட்டு எழுவாள். மறந்தும் ஒரு நல்ல வார்த்தை கிடையாது.

"ஒரு எழுத்தை விட்டிருக்க. மூணாவது வரி."

"பார்த்துட்டேன்."

"பார்த்திருந்தா திருத்தியிருப்பே."

"நீங்க நாற்காலியை விட்டீங்கன்னா திருத்துவேன்."

வேகமாக எழுதலாம் என்று சின்னவள் சொன்னபோது பெரியவள் அவள் கையை மவுசிலிருந்து தட்டிவிட்டாள். தட்டியது வலித்திருக்க வேண்டும். சின்னவள் விரல்களைத் தேய்த்துக்கொண்டாள், ஆனால் மெதுவாக எழுதவே விட்டாள். சிடி வந்தது. முதல் மெஷின் ஹார்ட் டிஸ்க்கை அடையாளம் கண்டது, ஏறியது, எழுந்தது. புத்தகத்தைத் திறந்தார்கள். கொம்பும் காலும் அதது இடத்தில் நின்றன. டைப் செய்யும் பெண்களில் ஒருத்தி எழுந்து வந்து ஒரு வரியைச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். அத்தனை நல்ல சிடியைப் பெரியவள் அதுவரை செய்ததில்லை. அது அவளுக்கே தெரிந்தது. அதில் பாதி தன்னுடையதில்லை என்பதும் தெரிந்தது.

மெஷின்கள் எல்லாம் முடிந்ததும் முதலாளி குளிர்ந்துபோய்ச் சொன்னார்: "பாத்தீங்களா? ரெண்டு பேரும் ஒண்ணு சேர்ந்தா உங்களை அடிச்சுக்க ஆளே கிடையாது."

"சார், வேலை முடிஞ்சுதுல்ல? கிளம்பறோம்" என்றாள் பெரியவள். "சேர்ந்தெல்லாம் இல்ல" என்றாள் சின்னவள்.

பஸ் நிறுத்தத்தில் இருவரும் நின்றார்கள். முதலாளி சொன்ன அந்த ஒரு வாக்கியம் பெரியவளின் காதை விட்டுப் போகவில்லை. ஜெயிக்கப் போன இடத்தில் கடன்பட்டதுபோலத் திரும்புவதை அவளால் பொறுக்க முடியவில்லை. எதையாவது சொல்லிச் சின்னவளைக் குத்தினால்தான் ஆறும் என்று இருந்தது.

"அந்த மொழி ஃபோல்டர் இல்லேன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள்.

சின்னவள் திரும்பினாள். "எப்போ?"

"நீ இங்க வர்றதுக்கு முந்தின நாள். உன் சிடியைப் போட்டுப் பார்த்தேன்."

சின்னவள் கத்துவாள் என்று பெரியவள் எதிர்பார்த்தாள். கத்தட்டும் என்றுதான் சொன்னாள். அவள் கத்தவில்லை. நிதானமாக யோசித்தாள்.

"அப்போ வாசல்ல நின்னு, 'சிடி எடுத்துக்கிட்டியா'ன்னு கேட்டீங்களே..."

பெரியவள் பஸ் வருகிற திசையைப் பார்த்தாள்.

"நான் அதை நம்பி, போற வழியெல்லாம் சந்தோஷமா போனேன்" என்றாள் சின்னவள். பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. பெரியவள் மட்டும் ஏறினாள்.

அன்று சாயங்காலமே வீடு இரண்டுபட்டது. கொழுந்தன் கீழே இறங்கி வந்து, மேஜைமேல் இருந்த டேப்பைப் பிய்த்தெறிந்துவிட்டு, "நீங்கல்லாம் ஒரு மனுஷியா அண்ணி?" என்று கேட்டான். இத்தனை நாள் அண்ணி அண்ணி என்று குழைந்தவன். மாமனார் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஊரிலிருந்து வந்த புருஷன், "சின்னப் பொண்ணுகிட்ட போய் இப்படியா?" என்று ஆரம்பித்து, அவள் பார்த்த பார்வையில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டான்.

சின்னவள் அதற்குப் பிறகு கடைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. அச்சகத்துக்கே வேலைக்குப் போனாள். கம்ப்யூட்டர்கள் அத்தனையும் அவள் பொறுப்பு என்று முதலாளி சேர்த்துக்கொண்டார். தப்புச் செய்தவளையா என்று யாரோ கேட்டதற்கு, "தப்பை மறைக்காம நான்தான்னு சொன்னாளே, அது போதும்" என்றாராம். கண்ணாடிக் கடைக்காரர் இதைப் பெரியவள் காதில் விழுகிற மாதிரி வேலை மெனக்கெட்டுச் சொன்னார்.

கடை மறுபடி பெரியவளுடையது மட்டும் ஆயிற்று. போனும் அவள் பக்கம் வந்தது. கோபம் குறைந்தபாடில்லை, முன்பு ஒருத்தியோடு முடிந்தது, இப்போது வருகிறவர் போகிறவர் மேலெல்லாம் விழுந்தது. அச்சகத்தில் செய்த சிடியின் ஃபோல்டர் அவளிடம் இருந்தது. புது அப்டேட்டுகள் வந்தபோது அதையே எடுத்து வைத்துக்கொண்டு சேர்த்தாள். சின்னவள் எழுதிய வரிகளைக் கடந்து போகும்போது ஒரு தடவை அழித்துவிட்டுத் தானே புதிதாக எழுதினாள். எழுதி முடித்துப் பார்த்தால் எழுத்துக்கு எழுத்து அதேதான் வந்திருந்தது.

இரண்டு குடும்பமும் இன்றும் அதே மாடியில்தான் இருக்கிறது. சின்னவள் அவளை அக்கா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். வேறெப்படியும் கூப்பிடுவதில்லை. தண்ணீர் வரவில்லை, கேஸ் வந்துவிட்டது என்பதெல்லாம் மாமனார் வழியாகப் போய், மாமனார் வழியாகத் திரும்பி வரும்.

புருஷன் ஒருநாள் ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில், செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்: "ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டா என்ன? அவ ஒண்ணும் மோசமான பொண்ணு இல்ல. மன்னிச்சிடுவா."

"மன்னிச்சிடுவா. அது எனக்குத் தெரியாதா?" என்றாள் அவள். "அதுக்கப்புறம் அந்த மன்னிச்ச மூஞ்சியைத் தினம் நான் பாக்க வேணாமா?"

அவன் புரியாமல் நின்றான். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று போய்விட்டான். வாசலில் ஒருவர் மெஷினைத் தூக்கிக்கொண்டு தயங்கி நின்றார். "என்ன, உள்ள வர வெத்தலை பாக்கு வெக்கணுமா? இறக்கி வைங்க" என்றாள் கறார்க்கா.